கல்லாய்ப் போன ஸ்டியரிங்

பழைய ஸ்டியரிங் பெட்டி ஒழுகியது, ஆனால் திரும்பியது. மாற்றிப் போட்ட பெட்டி ஒழுகவில்லை, ஆனால் திரும்பவில்லை. அந்த ஆடி மாதத்தில் யார் எங்கள் படலையைத் திறந்துகொண்டு வந்து லொறிக்கு என்ன கோளாறு என்று கேட்டாலும் நான் இதைத்தான் சொன்னேன். சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துப் போனது.

லொறி எங்களுடையது. ஓட்டுகிறவர் என் வீட்டுக்காரர். முந்தி வேறொருவரின் லொறியில் துறைமுகத்துக்கும் கந்தளாய்க்கும் ஓடித் திரிந்தவர். ஒரு நாள் மூட்டைகளின் மேலே ஏறி நின்று கயிறு இழுத்துக் கட்டும்போது கயிறு அறுந்து கீழே விழுந்தார். வலது தோள் உடைந்தது. கட்டுப் போட்டார்கள், எலும்பு பொருந்தியது, ஆனால் கையில் பழைய பலம் வரவில்லை. இடது கையால் கியர் மாற்றும்போது வலது கைதானே ஸ்டியரிங்கைப் பிடித்திருக்க வேண்டும்? அந்தக் காலத்து லொறிகளின் ஸ்டியரிங்கைத் திருப்புவது செக்கு இழுப்பது மாதிரி. அதனால் லொறி ஓட்டம் நின்றது. ஓர் அரிசி ஆலையில் தராசுக்குப் பக்கத்தில் நின்று மூட்டை நிறுக்கப் போனார். வீட்டுக்கு வந்தால் யாருடனும் கதைக்க மாட்டார்.

பிறகு அரசாங்கம் மாறி, வெளிநாட்டுச் சாமான்கள் தாராளமாக வரத் தொடங்கிய நேரம், கொழும்பில் ஒரு பழைய யப்பான் லொறி இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனார். அதற்குப் பவர் ஸ்டியரிங். எஞ்சின் ஓடும்போது ஒரு பம்ப் எண்ணெயை அழுத்தி ஸ்டியரிங் பெட்டிக்கு அனுப்பும், நாங்கள் இலேசாகத் தொட்டால் போதும், மீதியை எண்ணெய் பார்த்துக்கொள்ளும். என் காணியை விற்றுத்தான் அதை வாங்கினோம். பாலையூற்றில் எங்கள் ஒழுங்கைக்குள் அவர் அந்த லொறியை ஒரே கையால் திருப்பிக்கொண்டு வந்த காட்சியை நான் மாதா தந்த வரமாகத்தான் எண்ணினேன். இன்றும் அப்படித்தான் எண்ணுகிறேன். அந்த ஒன்று இருந்தால் அவர் சாரதி. இல்லாவிட்டால் மறுபடியும் தராசடி.

பெட்டி ஒழுகத் தொடங்கியது பங்குனியில். எண்ணெய் விட விட நிலத்தில் சொட்டியது. துறைமுகத்துக்குப் போகும் வழியில் பட்டறை வைத்திருந்த கிண்ணியா நானாதான் எங்கள் மெக்கானிக். நானா என்றால் முஸ்லிம் ஆட்களின் பேச்சில் அண்ணன். வள்ளங்களின் எஞ்சினில் தொழில் பழகியவர், பிறகு லொறி பஸ் எல்லாம் பார்த்தார். அவர் பட்டறையில் இடம் இல்லாததால் எங்கள் வளவுக்குள்ளேயே வேலை நடந்தது. பழையதைக் கழற்றினார். கொழும்பிலிருந்து இன்னொரு பெட்டி வந்து சேர நாள் எடுத்தது. வந்தது, பூட்டினார், எண்ணெய் விட்டார், எஞ்சினை ஸ்டார்ட் பண்ணச் சொன்னார்.

என் வீட்டுக்காரர் ஏறி ஸ்டியரிங்கைத் திருப்பினார். அது அசையவில்லை. இரண்டு கையாலும் பிடித்து, ஆசனத்திலிருந்து எழும்பி உன்னித் திருப்பினார். கொஞ்சம் திரும்பியது. வலது தோளைப் பிடித்துக்கொண்டார்.

"காத்துப் பிடிச்சிரிக்கி தம்பி" என்றார் நானா. "புதுசாப் பூட்டினா அப்படித்தான். கொஞ்சம் ஓடினாச் சரி வந்திடும்."

அந்தக் கதையை நம்பி இவர் லொறியை ஒழுங்கைக்கு எடுத்தார். வளைவில் திருப்ப முடியாமல் லொறியின் மூக்கு முன்வீட்டு வேலியில் போய்க் குத்தி நின்றது. பின்னால் வந்தவர்கள் ஹோர்ன் அடித்தார்கள், சைக்கிள்காரர்கள் பெல் அடித்தார்கள். முன்வீட்டுக்காரி வெளியே வந்து, "வேலியைப் பிரிச்சுத் தரட்டோ, உள்ளுக்கு வந்து தேத்தண்ணி குடிச்சிட்டுப் போறீங்களோ?" என்று கேட்டாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. அவர் தோளைக் கொடுத்து எப்படியோ திருப்பி வளவுக்குள் கொண்டுவந்து விட்டுவிட்டார். அன்று மாலை செபத்துக்கு முழங்காலில் நின்றபோது வலது கை நெற்றிக்கு எழும்பவில்லை. இடது கையால் சிலுவை போட்டார். நான் பார்க்காத மாதிரி இருந்தேன்.

அடுத்த நாள் முதல் காற்றெடுக்கும் வேலை தொடங்கியது. குழாய்களுக்குள் காற்று இருந்தால் எண்ணெய்க்கு அழுத்தம் வராதாம். முன்சில்லு இரண்டும் நிலத்தில் படாமல் ஜக் வைத்துத் தூக்கிவிட்டு, ஒருவர் ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முட்டும்வரை திருப்பி, பிறகு மறுபக்கம் முட்டும்வரை திருப்ப வேண்டும். மற்றவர் எண்ணெய்த் தாங்கியைப் பார்த்துக்கொண்டு நின்று, குறையக் குறைய விட வேண்டும். குமிழி வருவது நின்றால் காற்றுப் போய்விட்டது என்று அர்த்தம்.

திருப்புவது யார்? இவர் ஏறப் போனார். நான் விடவில்லை.

"கையைக் கொண்டுபோய் அதிலை குடுத்துட்டு வந்து எனக்கு முன்னாலை முனகவேண்டாம். நான் திருப்புறன்."

"நீயோ?"

"ஓம். ஆட்டுக்கல் சுத்திற கைதானே இது."

நானா லொறிக்கடியிலிருந்து தலையை நீட்டி, "தங்கச்சி ஏறட்டும் தம்பி. மெதுவாத் திருப்பணும் புள்ள, அவசரப்படக் கூடாது" என்றார்.

எவ்வளவு மெதுவாக என்று எனக்குத் தெரியவில்லை. ஆகவே ஒரு பக்கம் திருப்பி முடிக்க ஒரு அருள் நிறைந்த மரியே, மறுபக்கத்துக்கு இன்னொன்று என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டு திருப்பினேன். சில்லு அந்தரத்தில் நின்றும்கூட அது இறுகித்தான் திரும்பியது. பம்ப் மாடு முக்குவது மாதிரிச் சத்தம் போட்டது.

"என்ன தங்கச்சி, வாய்க்குள்ள முணுமுணுக்கிறீங்க? எனக்கா ஏசுறீங்க?"

"இல்லை நானா, செபம் சொல்லுறன்."

"எனக்காகவும் ஒண்டு சொல்லுங்க. கழுத்து முறியப் போகுது."

தாங்கிக்குள் நுரை நின்றபாடில்லை. வெள்ளை வெள்ளையாக, பால் பொங்கின மாதிரி. மதியம்வரை திருப்பினேன், சாப்பிட்டுவிட்டு வந்து திருப்பினேன். மறுநாள் காலையில் முதல் தடவை திருப்பியபோது ஸ்டியரிங் இலேசாக வந்தது! "இஞ்சேருங்கோ, சரி வந்திட்டுது!" என்று கத்தினேன். இவர் குசினிப் பக்கமிருந்து ஓடி வந்தார். அவர் வந்து சேர்வதற்குள் மறுபடியும் கல். இந்த விளையாட்டு ஒவ்வொரு காலையும் நடந்தது. முதலில் கொஞ்சம் ஆசை காட்டும், எஞ்சின் சூடேற இறுகிவிடும். அடியோடு வேலை செய்யாவிட்டால்கூட மனிசருக்கு மனம் ஆறும். இப்படி ஏமாற்றுகிறதை எப்படிப் பொறுப்பது?

வந்தவர் போனவர் எல்லோரும் வைத்தியர் ஆனார்கள். டயருக்குக் காற்றுப் போதாது என்றார் ஒருவர், அடித்துப் பார்த்தோம். பம்ப் பெல்ட் வழுக்குது என்றார் இன்னொருவர், இறுக்கிப் பார்த்தோம். முன்சில்லுத் தண்டுகளில் கிறீஸ் இல்லாமல் துரு ஏறியிருக்கும் என்றார்கள். நானா பெட்டிக்கும் சில்லுகளுக்கும் இடையிலுள்ள தடியைக் கழற்றிவிட்டுச் சில்லைக் கையால் தள்ளினார். தொட்டில் மாதிரி அசைந்தது. ஆகவே குற்றம் சில்லில் இல்லை. பெட்டியின் தலையிலுள்ள இறுக்காணி கூட இறுகியிருக்கலாம் என்று அதைத் தளர்த்தினார். இப்போது ஸ்டியரிங் நடுவில் சும்மா ஆடியது, திருப்பும்போது முந்தின மாதிரியே கல்லாக இருந்தது. பழையபடி இறுக்கினார்.

இதற்கிடையில் வேலை நாட்கள் வேறு உடைந்துகொண்டே போயின. வெள்ளிக்கிழமை நானா ஜும்ஆத் தொழுகைக்குப் போனால் அன்றைய வேலை அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை நாங்கள் வேலை செய்ய மாட்டோம், அது இவருடைய தகப்பன் காலத்திலிருந்து வந்த பழக்கம். இடையில் கிடைக்கிற சனிக்கிழமையில் மழை பெய்யும், அல்லது நானாவை யாராவது வள்ளக்காரன் வந்து பிடித்துக்கொண்டு போவான்.

அப்போதுதான் என் அண்ணன் வந்தார். நகரத்தில் கடை வைத்திருந்தவர், கெட்டவர் அல்ல, ஆனால் நாக்கு முள். கந்தளாயில் சிறுபோக வெட்டுத் தொடங்கிவிட்டது, நெல் ஏற்ற லொறி தேடி ஆட்கள் அலைகிறார்கள், இங்கே லொறி ஜக்கில் நிற்கிறது என்று தொடங்கினார்.

"மச்சான், நான் சொல்லுறதைக் கோவிக்காமல் கேள். ஸ்டியரிங் ஒரு சாட்டு. கை ஏலாதவனுக்கு லொறி என்னத்துக்கு? கந்தளாயிலை எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் இருக்கிறார். உள்ளபடி எடுக்கிறன் எண்டு நிக்கிறார். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் கூட்டிக்கொண்டு வாறன்."

இவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

"சரி" என்றார்.

எனக்கு வந்த ஆத்திரம்! "என்ன சரி? அவருக்குக் கை ஏலாதெண்டு ஆர் சொன்னது? நாள் முழுக்க நெல் மூட்டை ஏத்தினவர். நீங்கள் கடையிலை கதிரையிலை இருந்து மிளகாய் நிறுக்கிறனீங்கள்."

"உனக்கு என்னடி தெரியும் லொறியைப் பற்றி?"

"உங்களை விடத் தெரியும். வந்து ஏறித் திருப்பிப் பாருங்கோ."

அண்ணன் திருப்பிப் பார்க்கவில்லை. குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அன்று கோயிலுக்குப் போய் மாதாவின் சுரூபத்தின் முன் முழங்காலிட்டபோது எனக்குச் செபம் வரவில்லை, முறைப்பாடுதான் வந்தது. நான் என்ன பெரிய மாளிகையா கேட்டேன்? அந்த மனிசன் தராசடிக்குத் திரும்பிப் போகாமல் இருக்க வேண்டும். ஒரு இரும்புப் பெட்டிக்குள் எண்ணெய் ஒழுங்காக ஓட வேண்டும். அது உமக்குப் பெரிய காரியமா, தாயே? இப்படிக் கேட்டுவிட்டு அழுதேன். மெழுகுதிரி கொளுத்தக்கூட மறந்து வீட்டுக்கு வந்துவிட்டேன்.

சனிக்கிழமை காலை எஞ்சினைத் தொடவில்லை. நானா வரும்வரை லொறி சும்மா நின்றது. நான் தாங்கியின் மூடியைத் திறந்து பார்த்தேன். இரவு முழுக்க அசையாமல் நின்றும் மேலே வெள்ளைப் படை அப்படியே இருந்தது. காற்றுக் குமிழி என்றால் இவ்வளவு நேரம் நிற்குமா? விரலை விட்டுத் தொட்டேன். எண்ணெயின் வழுக்கல் ஒன்று, இது வேறொரு வழுக்கல். மூக்கடியில் பிடித்தேன். எண்ணெய் நாற்றத்துக்குள்ளே, எலுமிச்சை மாதிரி மணக்கிற சேரைப் புல்லின் வாசம். நாங்கள் உடுப்புத் தோய்க்கிற மஞ்சள் சவுக்காரத்தின் வாசம்.

நானா வந்ததும் விரலை அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

"இதை மணந்து பாருங்கோ."

மணந்தார். என்னைப் பார்த்தார். பிறகு லொறியைப் பார்த்தார். அப்படியே தலையில் கை வைத்துக்கொண்டு மண்ணில் குந்திவிட்டார்.

"யா அல்லா... சவுக்காரம்!"

நடந்தது இதுதான். பழைய பெட்டியைக் கழற்றிவிட்டு மற்றது வரும்வரை குழாய்களின் வாய் திறந்து கிடந்தது. கச்சான் காற்று மண்ணை வாரி அடிக்கிற காலம். கடற்கரையில் வள்ள எஞ்சினைக் கழற்றினால் மணல் போகாமல் இருக்க, டீசல் குழாயின் வாயில் சவுக்காரக் கட்டியை அழுத்தி அடைத்துவிடுவது வள்ளக்காரர்களின் வழக்கம். டீசலில் அது கரையாது, பூட்டும்போது ஆணியால் கிண்டி எடுத்தால் முடிந்தது. நானா எங்கள் கிணற்றடியில் கிடந்த சவுக்காரத்தை எடுத்து அதே மாதிரிச் செய்திருக்கிறார். பிறகு கிண்டியும் எடுத்திருக்கிறார். ஆனால் திரும்பிவரும் குழாயின் வளைவுக்குள் ஒரு துண்டு போய் நின்றுவிட்டது. அந்தச் சவுக்காரம் காணாமல் போனதற்கு நான் காகத்தை ஏசி, கிணற்றடிக்குக் கறுப்புத் துணி வேறு கட்டித் தொங்கவிட்டிருந்தேன்.

"வள்ளத்தில இப்படி ஒரு நாளும் நடக்கல்ல" என்றார் நானா.

"வள்ளத்திலை பவர் ஸ்டியரிங் இருக்கோ நானா?" என்று இவர் கேட்டார். எத்தனையோ நாளுக்குப் பிறகு அவர் வாயிலிருந்து வந்த முதல் பகிடி அது.

தாங்கியைக் கழற்றினார்கள். அதன் அடியில் திரும்பிவரும் எண்ணெய் வடிகிற கம்பிவலை ஒன்று இருந்தது. சவுக்காரம் சூடான எண்ணெயில் கரைந்து சுற்றிச் சுற்றி வந்து, கிறீஸ் மாதிரிக் களியாகி அந்த வலையை மூடியிருந்தது. எண்ணெய் போக வழியில்லாமல் பம்ப் முக்கிக்கொண்டு நின்றிருக்கிறது. நின்று ஆறும்போது களி கொஞ்சம் கீழே வழிந்து வழி விடும், அதுதான் காலையில் காட்டிய ஆசை. நாங்கள் இவ்வளவு நாளும் காற்று காற்று என்று எடுத்தது காற்றல்ல, நுரை. நான் திருப்பத் திருப்ப அது இன்னும் நன்றாகக் கரைந்திருக்கிறது. இதை நினைத்தபோது எனக்கு நானாவைக் கோபிக்கவா, என் கையை நானே கோபிக்கவா என்று தெரியவில்லை. உள்ளங்கையில் தோல் உரிந்து கிடந்தது.

குழாய், பெட்டி, தாங்கி எல்லாவற்றையும் மண்ணெண்ணெயால் கழுவி, சைக்கிள் பம்பால் ஊதி, வெயிலில் வைத்துப் பூட்டினார்கள். புது எண்ணெய் விட்டபோது பொழுது சாய்ந்துவிட்டது. நானா கிண்ணியாத் துறையில் பாதையைப் பிடிக்க வேண்டும். தோணிகளைச் சேர்த்துக் கட்டி ஆட்களை அக்கரைக்கு ஏற்றிப்போகும் அந்தப் பாதை போய்விட்டால் அவருக்கு அன்றிரவு வீடு இல்லை. காற்றெடுக்காமலே போய்விட்டார்.

ஞாயிறு பூசை முடிந்து வந்தால் நானா படலையடியில் நிற்கிறார்.

"இண்டைக்கு நான் ஸ்பனர் பிடிக்கமாட்டன் நானா" என்றார் இவர்.

"நீங்க பிடிக்காதீங்க தம்பி. எனக்கு ஞாயிறு இல்ல, நான் பிடிக்கிறன். ஆனா மேல ஏறித் திருப்ப ஆள் வேணுமே."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். பின்னேரம் அண்ணன் வருவார், கூடவே கந்தளாய்க்காரரும் வருவார். நான் கோயிலுக்கு உடுத்த சேலையோடு செபமாலையையும் கையில் எடுத்துக்கொண்டு ஏறினேன்.

"எடி, ஞாயிற்றுக்கிழமை" என்றார் இவர்.

"நான் வேலை செய்யேல்லை. செபமாலை சொல்லுறன். கை சும்மா திரும்புது, அவ்வளவுதான்."

நானா லொறிக்கடியிலிருந்து சிரித்த சத்தம் கேட்டது. முதலில் சில குமிழிகள் வந்தன, இம்முறை பெரிய குமிழிகள், வந்தவுடனே உடைந்தன. பிறகு அதுவும் நின்றது. நானா எட்டி எஞ்சினைப் போட்டார். பம்ப் முக்கவில்லை. ஜக்கை இறக்கினார். சில்லு மண்ணில் அழுந்தி நிற்க, நான் ஸ்டியரிங்கை இழுத்தேன். வழக்கம்போலப் பலமாக இழுத்ததில் அது விர்ரென்று சுற்றிப் போய் நான் கதவோடு மோதிக்கொண்டேன்.

பின்னேரம் அண்ணனும் கந்தளாய்க்காரரும் வந்தார்கள். கந்தளாய்க்காரர் பண்பான மனிதர், வெள்ளைச் சாரம் கட்டியிருந்தார். ஏறி உட்கார்ந்தார், ஒரு கையால் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பினார். முகம் மலர்ந்தது.

"கல்லு மாதிரி இருக்கெண்டெல்லோ சொன்னீங்கள்? நல்லாத்தானே இருக்குது. நான் எடுக்கிறன்."

திருத்தித் திருத்தி இன்னொருவருக்கு அல்லவா கொடுக்கப் போகிறோம்! இவரைப் பார்த்தேன். இவர் போய்ச் சாரதிக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார்.

"இறங்குங்கோ அண்ணை."

"என்ன தம்பி?"

"விக்கிறதெண்டு சொன்னது உண்மை. அப்ப எனக்கு ஓட்ட ஏலாது. இப்ப ஏலும். இறங்குங்கோ, கோவியாதேங்கோ."

அண்ணன் குதித்தார். "சொன்ன சொல்லு என்ன ஆச்சு? என்ரை முகத்திலை கரி பூசுறியோ மச்சான்? தோள் இன்னும் வீங்கித்தானே கிடக்குது!"

"வீங்கித்தான் கிடக்குது" என்றார் இவர். கதவை விடவில்லை.

கந்தளாய்க்காரர் இறங்கினார். தேத்தண்ணி குடித்துவிட்டுத்தான் போனார். அண்ணன் குடிக்கவில்லை. அதற்குப் பிறகு கன காலம் எங்கள் படலையை அவர் திறக்கவில்லை, அது எனக்கு இன்றைக்கும் மனக்குறைதான்.

திங்கட்கிழமை விடிய எழும்பினால் என் கை இரண்டும் வீங்கியிருந்தன. தேங்காய் துருவ ஏலவில்லை, மா குழைக்க ஏலவில்லை. இவ்வளவு நாளும் இழுத்த இழுவைக்கு அன்றுதான் பதில் வந்தது போல. அடுப்படியில் நின்று எல்லாரையும் ஏசினேன், நானாவை, அண்ணனை, கொழும்பிலிருந்து வந்த பெட்டியை. இவர் சந்திக்கடைக்குப் போய்ப் பாண் வாங்கிக்கொண்டு வந்து, இடது கையால் வெட்டி, சீனி தூவி எனக்கு முன்னால் வைத்தார். பிறகு லொறியை எடுத்துக்கொண்டு கந்தளாய்க்குப் போனார்.

பொழுதுபட வந்தார். முதுகெல்லாம் நெல் தூசி. தோளுக்கு எண்ணெய் சூடாக்கித் தடவிவிட்டேன், விரல் மடங்காமல் உள்ளங்கையால்தான் தடவினேன்.

"நோகுதோ?" என்று கேட்டேன்.

"நோகுது" என்றார். "நாளைக்கும் லோட் இருக்கு."